சூடான சீஸ் டிப்: சைவரும் முஸ்லிம் நண்பரும் ஒரே சட்டியில் தொட்டுச் சாப்பிட

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்கு, அதிரசம், நெய் உருண்டையோடு இப்போது ஒரு சட்டி சூடான சீஸும் இடம்பிடித்து வருகிறது. திரையரங்கில் நாச்சோவோடு கொடுக்கும் மஞ்சள் குழம்பு, இரவுச் சந்தையில் பொரித்த கோழியின் மேல் வழியவிடும் ‘சீஸ் லெலே’ என்று பிள்ளைகள் பழகிவிட்ட சுவை இது. வீட்டில் செய்தால் அரை மணி நேரம்கூட ஆகாது.

சிக்கல் அடுப்பில் இல்லை, கடையில் இருக்கிறது. பால்தானே, சைவம்தானே என்று நம்பி வாங்கும் சீஸில் மாட்டுக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள் சேர்ந்திருக்கக்கூடும். தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடுகிறது. அடுத்து கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்கள் மாலை போடுகிறார்கள். திறந்த இல்லங்கள் அதிகம் நடப்பதும் இதே வாரங்களில்தான். விரதம் இருப்பவர், ஆண்டு முழுதும் சைவமாக இருப்பவர், மற்ற இறைச்சி தின்றாலும் மாட்டைத் தொடாதவர் என எல்லாரும் வந்து கைவைக்கும் சட்டி அது. சமைக்கும் விதத்தைப் பார்க்கும் முன் சீஸின் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியது அதனால்தான்.

பாலை எது உறைய வைக்கிறது?

நம் வீட்டில் பன்னீர் செய்யும்போது எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாலைத் திரிய வைக்கிறோம். செடார் போன்ற கெட்டியான சீஸ்களுக்கு அது போதாது. அவற்றுக்கு ரென்னெட் என்ற உறைபொருள் தேவை. அதில் உள்ள கைமோசின் என்ற நொதி பாலின் புரதத்தை ஓரிடத்தில் வெட்ட, பால் அல்வாத்துண்டு போல இறுகுகிறது. மரபான ரென்னெட், பால்குடி மறவாத கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. கன்றை அறுத்த பிறகே அது கிடைக்கும்.

எல்லாச் சீஸும் அப்படி இல்லை என்பது நல்ல சேதி. ஒருவகைப் பூஞ்சையிலிருந்து எடுக்கும் உறைபொருள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. இன்னொரு வகையில், கன்றின் கைமோசினுக்குரிய மரபணுவை நுண்ணுயிரிகளில் சேர்த்து, நொதிக்கலன்களில் அந்த நொதியை வளர்த்து எடுக்கிறார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு 1990-இல் ஒப்புதல் அளித்தது. பெரிய ஆலைகளில் தயாராகும் செடாரில் பெரும்பகுதி இன்று இந்த இரண்டில் ஒன்றால்தான் உறைய வைக்கப்படுகிறது. இரண்டாம் வகையில் கன்றின் உடற்பொருள் எதுவும் கலப்பதில்லை; ஆனால் மரபணு அங்கிருந்து வந்தது. அது போதுமா என்பது அவரவர் தீர்மானம்.

இத்தாலியின் பார்மிஜானோ ரெஜியானோ சீஸில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கன்று ரென்னெட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. டிப்பின் மேல் தூவ ஒரு பிடி ‘பார்மேசான்’ என்று சமையல் காணொளிகள் சொல்வதை அப்படியே பின்பற்றுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஹலால் முத்திரை சொல்வதும் சொல்லாததும்

ஜாக்கிமின் ஹலால் முத்திரை இருந்தால் போதும், சைவருக்கும் பிரச்சினை இல்லை என்று நம்மவர்களில் பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. பன்றி சார்ந்த எதுவும் இல்லை, முஸ்லிம்கள் உண்ணத் தக்கது என்பதற்குத்தான் அந்த முத்திரை உறுதி. முறைப்படி அறுத்த கன்றின் ரென்னெட் ஹலால் விதிக்குள் அடங்கும்; சைவத்துக்குள் அடங்காது. அதேபோல், சைவம் என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து முஸ்லிம் நண்பரிடம் ஹலால் என்று சொல்லிவிடவும் முடியாது. இருவரையும் ஒரே சட்டியில் உபசரிக்க நினைத்தால் இரண்டையும் தனித்தனியே பார்த்து வாங்க வேண்டும்.

பொட்டலத்தில் ‘மைக்ரோபியல் ரென்னெட்’, ‘நோன்-அனிமல் ரென்னெட்’, மலாயில் ‘என்ஸிம் மிக்ரோப்’ என்று எழுதியிருந்தால் கவலை இல்லை. வெறுமனே ‘ரென்னெட்’ அல்லது ‘என்ஸிம்’ என்று மட்டும் இருந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். பொட்டலத்தில் உள்ள வாடிக்கையாளர் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் சீஸ் என்றால் வேலை சுலபம்: பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம் என்பது அந்நாட்டுச் சட்டப்படியான அடையாளம்.

கிரீம் சீஸ், புளித்த கிரீம் போன்றவை சேர்ப்பதானால் ஜெலட்டின் இருக்கிறதா என்றும் பாருங்கள். இ471 என்ற குறியீடு தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடைகளில் பெரிய சீஸ் கட்டியை வெட்டி, எடை போட்டு, சிறு பைகளில் கொடுப்பதுண்டு. விலை கட்டுப்படியாகும். ஆனால் அந்தப் பையில் மூலப்பொருள் விவரம் முழுதும் இருக்காமல் போகலாம். வெட்டுவதற்கு முன் இருந்த கட்டியின் உறையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

இனி அடுப்பு

பத்துப் பன்னிரண்டு பேர் தொட்டுக்கொள்ள 250 கிராம் செடார் கட்டி ஒன்று, பதப்படுத்திய சீஸ் வில்லை 2, இனிப்பில்லாத டின் பால் 300 மில்லிலிட்டர், சோளமாவு ஒரு மேசைக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி போதும். கூடவே சிறிய பெரிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, விதை நீக்கிய தக்காளி ஒன்று, கொஞ்சம் கொத்தமல்லித் தழை. உறைக்க வேண்டுமானால் சிலி பாடி. டின் பாலில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம்: ‘சூசு சாயிர்’ வேண்டும், தே தாரிக்குப் போடும் ‘சூசு பெக்காட் மானிஸ்’ அல்ல. இரண்டு டின்னும் கடைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

வில்லையைச் சேர்ப்பது ருசிக்காக அல்ல. செடாரை மட்டும் சூடாக்கினால் கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து மேலே மிதக்கும். புரதம் ரப்பர் போலத் திரண்டு கீழே கிடக்கும். சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் 1911-இல் சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்து இதற்கு வழி கண்டார்கள். அந்த உப்பு புரதத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொள்கிறது. இறுக்கம் தளர்ந்த புரதம் கொழுப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இன்றைய சீஸ் வில்லைகளில் அத்தகைய உப்புகள் இருக்கின்றன; பொட்டலத்தில் இ331, இ339, இ452 போன்ற எண்களாக அவற்றைக் காணலாம். இரண்டு வில்லை சேர்த்தால் முழுச் சட்டிக்கும் அந்தப் பிடிப்பு கிடைக்கிறது. வில்லைக்கும் ரென்னெட் கேள்வி உண்டு, மறக்க வேண்டாம்.

செடாரை வீட்டிலேயே துருவுங்கள். துருவி விற்கும் சீஸில் ஒட்டாமல் இருக்க மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். உருகும்போது மணல் மணலாக நிற்கும்.

அடி கனத்த சட்டியில் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் மிளகாயையும் நிறம் மாறாமல் வதக்கவும். சோளமாவைச் சூடுபடாத டின் பாலில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, மிதமான தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் தோசை மாவுப் பதத்துக்கு வரும். இந்த இடத்தில் தீயை அணைத்துவிட வேண்டும். சீஸ் கொதிக்கக் கூடாது என்பதுதான் இந்தச் சமையலின் ஒரே கண்டிப்பு. பாலின் சூட்டிலேயே வில்லைகளைக் கிள்ளிப் போட்டு, பிறகு துருவிய செடாரைப் பிடிப்பிடியாகச் சேர்க்கவும். ஒரு பிடி முழுதும் உருகிய பிறகே அடுத்தது. சூடு போதவில்லை என்றால் மிகக் குறைந்த தீயில் அரை நிமிடம் வைத்தெடுக்கலாம். கடைசியில் தக்காளியும் கொத்தமல்லியும். கடுகு, கறிவேப்பிலை தாளித்து மேலே கொட்டினாலும் நன்றாகவே இருக்கிறது. பெரியவர்கள் தயங்காமல் கைவைப்பது அந்த வாசனைக்குத்தான்.

உப்பை ருசி பார்க்காமல் போடாதீர்கள். செடாரின் 100 கிராமில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிராம் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, வில்லையில் இன்னும் கூடுதல். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முறுக்கோடு சேர்த்து இதை அளவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியும் எண்ணெய் பிரிந்தால் அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு கரண்டி வெதுவெதுப்பான டின் பாலும் இன்னொரு வில்லையும் சேர்த்து வேகமாக அடித்துக் கலக்கினால் பெரும்பாலும் கூடிவிடும். இணையத்தில் உள்ள பல செய்முறைகளில் பீர் அல்லது வெள்ளை ஒயின் வரும். அதை விட்டுவிட்டுப் பாலையே பயன்படுத்தலாம், பதத்தில் குறை வராது.

காலையிலிருந்து இரவு வரை

திறந்த இல்லம் ஒரு வேளை விருந்தல்ல. காலை பத்து மணிக்கு வருபவரும் உண்டு, இரவு ஒன்பதுக்கு வருபவரும் உண்டு. பால் பொருள் நம் வெயிலில் மேசையில் அப்படியே இருந்தால் கெட்டுவிடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. டிப்பை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இதற்குத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். பழைய ரைஸ் குக்கர் போதும். உள்பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்குக் கொதிநீர் ஊற்றி, அதற்குள் டிப் இருக்கும் எவர்சில்வர் கிண்ணத்தை இறக்கி, ‘வார்ம்’ நிலையில் விடலாம். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறவும். இறுகினால் ஒரு கரண்டி பால். தண்ணீர் வற்றினால் வெந்நீரே ஊற்ற வேண்டும். குக்கரின் மின்கம்பி பிள்ளைகள் ஓடும் வழியில் கிடக்க வேண்டாம்.

இதைவிட நல்ல வழி, சிறு சிறு கிண்ணங்களாக வைப்பது. முதலில் பாதியை மட்டும் மேசைக்குக் கொண்டுவந்து, மீதியை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். தேவைப்படும்போது சிறு தீயில் பால் தெளித்துக் கிளறி, ஆவி பறக்கும் வரை சூடாக்கவும். மேசையில் இருந்து மிஞ்சியதை இதோடு கலக்கக் கூடாது; பல கைகள் தொட்ட கிண்ணம் அது. கடித்த முறுக்கையே மறுபடி முக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கரண்டியும் சிறு தட்டுகளும் வைத்தால் அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

தொட்டுக்கொள்ளக் கனமான முறுக்கும், சற்றுத் தடிமனாகச் சீவிய மரவள்ளிக்கிழங்குச் சிப்ஸும் பொருத்தம். ஓமப்பொடி கிண்ணத்துக்குள்ளேயே உடைந்துவிடும், அப்பளம் நமுத்துவிடும். சூடான பருப்பு வடையோடு இது எதிர்பார்ப்பதைவிட நன்றாகச் சேர்கிறது. கேரட்டையும் வெள்ளரியையும் நீளமாக வெட்டி வைத்தால் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்பவர்களுக்கும் ஆகும்.

பொட்டலத்தின் உறையை அன்றைய பொழுதுக்குக் குப்பையில் போடாமல் வைத்திருங்கள். சைவமா, ஹலாலா என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டிவிடலாம்.