அந்தக் காலத்து இரும்பா, அந்தக் காலத்துக் கைகளா?

கேமரன் மலைத் தேயிலை ஆலைகள் சொல்லும் இயந்திர வரலாறு

வீட்டில் சலவை இயந்திரம் நின்றுபோகிறது. பழுது பார்க்க வந்தவர் பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு போய்விட்டது. இதை மாற்றும் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம்" என்கிறார். அருகில் நிற்கும் பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் காலத்து மெஷின் இப்படியா இருந்தது? பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் ஆகும்வரை ஓடியதே!" என்கிறார்.

பல வீடுகளில் கேட்கும் பேச்சுதான் இது. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பழைய நினைவின் இனிப்பு? அதை அறிய ஒரு நல்ல இடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. பகாங் மாநிலத்தின் கேமரன் மலைதான் அது. அங்குள்ள தேயிலைத் தொழில், தலைமுறை தாண்டி ஓடக்கூடிய இயந்திரங்களை நம்பி எழுந்தது. அவற்றைப் பெரும்பாலும் இயக்கியவை தமிழர்களின் கைகள்.

கையின் அசைவை இரும்பில் வார்த்தவர்

பறித்த கொழுந்தை முதலில் வாட்ட வேண்டும். பிறகு உருட்ட வேண்டும். உருட்டும்போது இலை முறுக்கிக்கொண்டு உள்ளிருக்கும் சாறு வெளியே வரும். அந்தச் சாறு காற்றோடு கலந்தால்தான் தேயிலைக்கு நிறமும் மணமும் கிடைக்கும். சீனாவில் பல நூற்றாண்டுகளாக இந்த உருட்டும் வேலையை மனிதர்களே உள்ளங்கையால் செய்தார்கள். அஸ்ஸாமில் ஆங்கிலேயர் தோட்டம் போட்டபோதும் முதலில் அதே முறைதான்.

அதை மாற்றியவர்களுள் முதன்மையானவர் வில்லியம் ஜாக்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அஸ்ஸாமின் ஜோர்ஹாட் வட்டாரத்தில் இருந்த ஹீலியாகா தோட்டத்தில் 1872-ல் அவர் தமது முதல் உருட்டும் இயந்திரத்தை நிறுவினார். அதே ஆண்டில் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லரும் உருட்டும் கருவியோடு தமது ஆலையை அமைத்தார்.

ஜாக்சன் பிரம்மபுத்திரா ஆற்றங்கரையில் ஒரு நீராவி இயந்திரத்தைப் பார்த்து, அதில் இருந்த 'மார்ஷல்' என்ற பெயரைக் குறித்துக்கொண்டார் என்று தேயிலை வரலாற்றில் ஒரு கதை உண்டு. பின்னர் இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரில் இருந்த மார்ஷல் நிறுவனமே அவருடைய இயந்திரங்களைத் தயாரித்தது. 'பிரிட்டானியா' என்ற பெயர் கொண்ட அதன் ஆலையிலிருந்து தேயிலை விளையும் நாடுகளுக்கெல்லாம் ரோலர்கள் கப்பலேறின. இலையை உலர்த்தும் வேலைக்கு பெல்ஃபாஸ்ட் நகரின் சாமுவேல் டேவிட்சன் 'சிராக்கோ' உலர்த்தியை உருவாக்கினார்.

இதன் விளைவு பெரியது. 1872-ல் ஒரு பவுண்டு தேயிலை தயாரிக்க ஏறக்குறைய 11 பென்ஸ் செலவானது. 1913-க்குள் அது 3 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. சீனத் தேயிலையை இந்திய, இலங்கைத் தேயிலை சந்தையில் பின்னுக்குத் தள்ளியதற்கு இந்த இயந்திரங்களும் ஒரு முக்கியக் காரணம்.

மலைக்கு வந்த தொழில்

கேமரன் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் அங்கு நில அளவைக்காகச் சென்றது 1885-ல். ஆனால் தோட்டத் தொழில் தொடங்க மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1929-ல் ஜே.ஏ. ரஸல் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலைக்குப் புகழ்பெற்ற சீனாவின் 'போகியா' மலையை நினைவூட்டும் பெயர் அது. அவரோடு சேர்ந்தவர் இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன். ரஸல் 1933-ல் காலமானார். அதே 1933-ல்தான் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த சுபர்ஷாத் அகர்வால் பாரத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார்.

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில்தான் இத்தொழிலுக்கு வேண்டிய கனத்த இரும்பெல்லாம் மேலே வந்தாக வேண்டும். காட்டை அழித்ததும், கன்று நட்டதும், அந்தப் பாரங்களை இறக்கி நிறுத்தியதும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். 1938-ல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவித்தொகையோடு தொழிலாளர்களை அனுப்புவதற்குத் தடை விதித்தது. ஆக, அந்த வழியில் கடல் கடந்து வந்த கடைசித் தலைமுறைத் தமிழர்களும், கடல் கடந்து வந்த முதல் தலைமுறை இயந்திரங்களும் இந்த மலையில் ஏறக்குறைய ஒரே காலத்தில் சந்தித்தார்கள்.

ஏன் நீடித்தன?

பழைய ரோலரின் அமைப்பு எளிமையானது. கீழே வட்டமான ஒரு மேசை. அதன்மேல் பித்தளையிலோ மரத்திலோ செய்த விலா எலும்பு போன்ற சட்டங்கள். மேலே அடிப்பாகம் இல்லாத பெரிய பானை போன்ற உருளைக் கூடு. வாடிய இலையை அதில் கொட்டி, திருகு மூடியால் மேலிருந்து அழுத்துவார்கள். கூடு மேசைமேல் வட்டமிட்டுச் சுற்றும். இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையே இலையை வைத்துத் தேய்ப்பதை அப்படியே இரும்பில் செய்தது போலத்தான் அது இருக்கும்.

இந்த வகை ரோலர் நெடுங்காலம் உழைத்ததற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, அதன் வேகம் குறைவு. நிமிடத்திற்குச் சுமார் 40 முதல் 50 சுற்றுகள்தான். மெதுவாக ஓடும் கனத்த இரும்பு சீக்கிரம் தேய்வதில்லை.

இரண்டாவது, தேயும் பாகம் எது என்பதை வடிவமைத்தவர் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார். மேசைமேல் உள்ள சட்டங்கள் தேயும். தாங்கிகளில் உள்ள பித்தளை தேயும். இரண்டையும் கழற்றி மாற்றலாம். வார்ப்பிரும்பு உடல் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, இயக்கும் சக்தி வேறு, இயந்திரம் வேறு. ஒரு காலத்தில் தண்ணீர்ச் சக்கரமும் நீராவியும் எண்ணெய் இயந்திரமும் தோல்வார் வழியாக ரோலர்களைச் சுற்றின. பிறகு மின்மோட்டார் வந்தது. அதைப் பொருத்த ரோலரைத் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்திலிருந்து ஒரு பாகம் வந்து சேர வாரங்கள் பல ஆகும் காலம் அது. 1941 டிசம்பர் தொடங்கி 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அந்த வழியும் அடைபட்டது. தோட்டத்துப் பட்டறையில் ஒரு கொல்லனும் ஒரு பிட்டரும் சமாளிக்க முடியாத இயந்திரத்தால் அன்று மலைமேல் காலம் தள்ள முடியாது. பழுது பார்க்க முடிவது கூடுதல் வசதியாக அல்ல, கட்டாயத் தேவையாக இருந்தது.

வேகத்தின் விலை

பழையது நீடிக்கும், புதியது நீடிக்காது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடலாமா? அங்குதான் வரலாறு நம்மைத் திருத்துகிறது.

இன்று உலகக் கறுப்புத் தேயிலையில் பெரும்பகுதி 'சி.டி.சி.' எனும் முறையில் தயாராகிறது. நசுக்கு, கிழி, சுருட்டு என்பதே அதன் பொருள். இரண்டு பல் உருளைகள் எதிரெதிரே சுழலும். ஒன்று நிமிடத்திற்கு 70 சுற்று என்றால் மற்றது 700 சுற்று. இடையில் அகப்படும் இலை நொடியில் கிழிந்து குறுணையாகிவிடும். பழைய ரோலரில் இலையைக் கொட்டி, உருட்டி, எடுத்து, மறுபடி கொட்ட வேண்டும். இதிலோ ஒரு பக்கம் இலை போகும், மறுபக்கம் குறுணை வந்துகொண்டே இருக்கும். சீக்கிரம் சாயம் இறங்கும் திடமான தேநீர் இதில் கிடைக்கும்.

ஆனால் அந்தப் பற்கள் மழுங்கும். மழுங்கினால் கழற்றித் தீட்ட வேண்டும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் உருளை சற்று மெலியும். ஒரு கட்டத்தில் உருளையையே மாற்றியாக வேண்டும்.

அப்படியானால் சி.டி.சி. என்ன நேற்று வந்ததா? இல்லை. அதை வில்லியம் மெக்கெர்ச்சர் அஸ்ஸாமின் அம்குரி தோட்டத்தில் உருவாக்கியது 1930-ல். கேமரன் மலையில் போ தோட்டம் தொடங்கிய மறு ஆண்டு அது! ஆக, அது பிறந்த காலத்தின் குற்றம் அல்ல. வேகமாகவும் கூர்மையாகவும் வேலை செய்யும் இயந்திரம் எந்தக் காலத்தில் பிறந்தாலும் சீக்கிரம் தேயும். இந்தியாவும் கென்யாவும் பெரும்பாலும் இந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தன. இலங்கை பெரும்பாலும் பழைய உருட்டும் முறையிலேயே நின்றது. இரண்டுக்கும் சந்தை இருக்கிறது.

சலவை இயந்திரத்துக்கும் இதே கணக்குதான். இரண்டு தொட்டி கொண்ட பழைய வகையில் துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார். ஒன்று கெட்டால் மற்றது ஓடும். இன்றைய இயந்திரம் நிமிடத்திற்கு 1,200, 1,400 சுற்று வேகத்தில் பிழிகிறது. துணியிலிருந்து தண்ணீர் பெருமளவு வெளியேறிவிடுகிறது. முன்பக்கக் கதவு கொண்ட வகையில் தண்ணீரும் பெரிதும் மிச்சமாகிறது. இவை உண்மையான நன்மைகள். ஆனால் அந்த வேகத்தின் பாரம் முழுவதும் தாங்கியின்மீது விழுகிறது. தொட்டியை ஒட்டி மூடிவிட்ட சில வகைகளில் தாங்கியை மட்டும் மாற்ற வழியில்லை. வேகம் தவறல்ல, தேயும் பாகத்தைக் கழற்ற முடியாமல் அடைத்துவிடுவதே தவறு.

எஞ்சியவைதான் கண்ணில் படும்

பாட்டியின் பேச்சுக்கு மறுபக்கமும் உண்டு. அன்று வாங்கிய இயந்திரங்களில் சீக்கிரம் கெட்டவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. நீடித்தவைதான் இன்றும் நம் கண்ணில் படுகின்றன. அவற்றை மட்டும் பார்த்து, அன்று எல்லாமே உறுதி என்று சொல்வது சரியாகாது.

ஆனாலும் பாட்டி சொல்வது வெறும் கற்பனை அல்ல. ஜெர்மானிய அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பழையதற்கு மாற்றாக வாங்கப்பட்ட பெரிய வீட்டுச் சாதனங்களில், பழையது 5 ஆண்டுக்குள்ளேயே பழுதானதால் வாங்கப்பட்டவற்றின் பங்கு 2004-ல் 3.5 விழுக்காடாக இருந்தது. 2012-ல் அது 8.3 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. மாற்றப்பட்டவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே மாற்றப்பட்டவை. குற்றம் செய்பவர் பக்கமும் உண்டு, வாங்குபவர் பக்கமும் உண்டு.

கைகள் எங்கே?

கெயின்ஸ்பரோவில் இருந்த அந்த மார்ஷல் ஆலை இன்று என்னவாக இருக்கிறது தெரியுமா? 2007-ல் அது கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது. செய்த ஆலை மூடிய பிறகும் அந்த வகை இயந்திரங்கள் ஓடுகின்றன என்றால், அவற்றை யார் காப்பாற்றினார்கள்?

அதற்கான விடை தோட்டத்து லயங்களில் இருக்கிறது. தாங்கியின்மேல் கையை வைத்துச் சூட்டைப் பார்த்தே எண்ணெய் போதுமா என்று சொன்னவர்கள், சத்தம் மாறியதைக் கேட்டே எந்தச் சட்டம் தளர்ந்தது என்று கண்டவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். இந்த அறிவு எந்தக் கையேட்டிலும் முழுதாக எழுதப்படவில்லை. மூத்தவர் பக்கத்தில் நின்று இளையவர் கற்றுக்கொண்டது அது.

அந்தச் சங்கிலி இன்று அறுந்து வருகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனார்கள். போகத்தான் வேண்டும், அதற்காகத்தான் பெற்றோர் பாடுபட்டார்கள். அந்த இடத்துக்கு வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து தற்காலிக அனுமதியில் தொழிலாளர்கள் வருகிறார்கள். வேலை பழகும் நேரத்தில் பலருக்குத் திரும்பும் காலம் வந்துவிடுகிறது. கொழுந்து பறிப்பதிலும் கை போய்க் கத்தரி வந்தது. கத்தரியை அடுத்து, இருவர் பிடித்து நடக்கும் மோட்டார் இயந்திரம் வந்தது.

பழைய ரோலரின் மேல் செய்தவர் பெயர் பொறித்த தகடு இருக்கும். அதற்கு முப்பது, நாற்பது ஆண்டு எண்ணெய் போட்டவரின் பெயர் எங்கும் இருக்காது. இயந்திரத்துக்கு ஆலையில் நிரந்தர இடம் இருந்தது. ஆனால் நாட்டின் பல தோட்டங்களில், வேலை ஓய்ந்த தொழிலாளி தாம் குடியிருந்த வீட்டையும் விட்டுப் போக வேண்டியிருந்தது. நீடித்த உழைப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

செய்ய வேண்டியவை

இரண்டு காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

ஒன்று, கடைக்குப் போகும்போது விலையையும் அழகையும் மட்டும் கேட்காமல், "உதிரி பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? தாங்கியைத் தனியாக மாற்ற முடியுமா?" என்று கேட்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், சலவை இயந்திரத்தின் முக்கிய உதிரி பாகங்களை 10 ஆண்டுகளுக்குக் கிடைக்கச் செய்வது தயாரிப்பாளரின் கடமை. நம் நாட்டிலும் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 37-ஆவது பிரிவில், பழுதுபார்க்கும் வசதியும் உதிரி பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. வாங்கும்போதே 'கிடைக்காது' என்று அறிவித்துவிட்டால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடும். ஆகவே, வாங்கும் முன்பே கேட்பது நல்லது.

இரண்டு, கேமரன் மலை ஆலைகளில் வேலை செய்து ஓய்ந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையில் ஒலியும் படமும் பதிவு செய்யும் கைப்பேசி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, அந்த ரோலரை எப்படி ஓட்டினீர்கள்?" என்று கேட்டால் போதும். அவர்கள் சொல்வதைப் பதிந்து வைத்தால், தகட்டில் இல்லாத அந்தப் பெயர்களுக்கு ஓர் இடம் கிடைக்கும்.