எங்கள் வீட்டு எம்டன்

எங்கள் அப்பாயிக்குக் குடும்பத்தில் இன்னொரு பெயர் உண்டு. எம்டன். சித்தப்பா கோபத்தில் வைத்த பெயர் அது. அப்புறம் எல்லோருக்கும் பழகிவிட்டது. யாருக்கும் அடங்காத, கெட்டிக்கார ஆளை எம்டன் என்று சொல்வது சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல.

1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கரைக்கு வந்தது. கேப்டன் கார்ல் வான் முல்லர். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் போட்டார்கள். துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் அதற்கான கல்வெட்டை இன்றும் பார்க்கலாம். அந்தக் கப்பல் நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு ஒழிந்தது. ஆனால் பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

அப்பாயிக்கு அப்போது ஆறு வயது. தரங்கம்பாடிக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் குடும்பம் லுத்தரன் சபையைச் சேர்ந்தது. "எம்டன்காரனும் ஜெர்மன்காரன்தான், கோயிலில் எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த துரையும் ஜெர்மன்காரர்தான். சின்னப் பிள்ளை எனக்கு ஒன்றுமே புரியலை" என்பார்.

தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் ஊர். ஆனால் டென்மார்க் ராஜா அனுப்பி 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் ஜெர்மானியர்கள். சீகன்பால்க் தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, அங்கேயே அச்சுக்கூடம் வைத்து அச்சிட்டார். வந்த மறு வருடமே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைத்தார்கள். இருநூறு வருடம் கழித்து எங்கள் அப்பாயி ஐந்தாவது வரை படித்தது அந்த வழியில் வந்த ஒரு மிஷன் பள்ளியில்தான்.

யுத்தம் தொடங்கியதும் வெள்ளைக்கார அரசாங்கம் ஜெர்மன் மிஷனரிகளைக் காவலில் வைத்து, பிறகு கப்பலேற்றி அனுப்பிவிட்டது. லீப்சிக் மிஷன் பார்த்துவந்த சபைகளை ஸ்வீடன்காரர்கள் ஏற்றார்கள். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. டீச்சரம்மா வண்டியேறிப் போன அன்று பிள்ளைகள் எல்லோரும் ரோட்டில் நின்று அழுததாக அப்பாயி சொல்வார்.

கல்யாணமாகி வந்த வீட்டில் பன்னிரண்டு மா நிலம். நாலு ஏக்கர் வரும். காவிரியின் கடைமடை, எல்லோர் வயலும் குடித்த பிறகுதான் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகுதான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது என்பார். விடிவதற்கு முன்னால் எழுந்து நெல் அவிப்பது, காயப்போடுவது, மாடு, கன்று, களத்துக்குச் சோறு, மரக்கால் கணக்கு, விதைநெல்லைப் பிரித்துக் கோட்டை கட்டுவது, எல்லாம் அவர் பொறுப்பு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போடுவார். ஒன்றையும் மறைக்க வேண்டாம். அந்த வயலில் நாற்று நட்ட பெண்கள் சேரியிலிருந்து வந்தவர்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் எங்கள் பக்கத்துச் சபைகளில் சாதிப்படி தனித்தனியாக உட்காரும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. அது தப்பு என்று அப்பாயி சொன்னது வயதான பிறகுதான்.

நான் எட்டாவது படிக்கும்போது தாத்தா காலமானார். அப்பாவுக்குச் சென்னையில் வேலை, சித்தப்பாவுக்குத் திருச்சியில். நிலத்தை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வது என்று இரண்டு பேரும் பேசி முடித்து, பத்திரம் எழுதிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அப்பாயி பத்திரத்தை வாங்கி முழுசாகப் படித்தார். அப்புறம் "கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார்.

அதற்கு முந்தின வாரமே தனியாக பஸ் ஏறி மாயவரம் போய் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். உயில் எழுதாமல் ஒரு கிறிஸ்தவர் இறந்தால் 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. "எனக்கு நாலு மா. உங்க நாலு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு மா. அக்காவும் தங்கச்சியும் என் வயித்துல பிறந்தவங்கதான்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அன்றைக்குத்தான் சித்தப்பா அந்தப் பெயரை வைத்தார்.

கடைசியில் அவர் சொன்னபடிதான் நடந்தது. பெரிய அத்தை அப்போது கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த ரெண்டு மா நெல்தான் அவர் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. எங்கள் அப்பா மட்டும் ஒரு வருடம் போல அப்பாயியோடு பேசவில்லை. அடையாறில் வீடு கட்டப் பணம் போதாமல் நின்றுவிட்டதில் அவருக்கு மனத்தாங்கல். அப்பாயி தன் நாலு மாவை வைத்துக்கொண்டு தனியாக ஊரிலேயே இருந்தார். மாதம் ஒரு கார்டு வரும். தும்பிக்கை போட்ட பழைய 'லை', 'னை' எழுத்தில், விளைச்சல் கணக்கு முதலில், நலம் விசாரிப்பு பிறகு.

முடியாமல் போன பிறகுதான் அடையாறுக்கு எங்களோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அவரை வேப்பேரிக்குப் பஸ்ஸில் அழைத்துப் போவேன். அங்கேதான் பப்ரீசியஸ் ஐயர் வெகுகாலம் இருந்து ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கினார் என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். ஞானப்பாட்டு தொடங்கினால் புத்தகம் இல்லாமலே பாடுவார். எனக்கு அப்போது மேட்டினி ஷோ போய்விடுமே என்று கவலை. அவரிடம் கேட்கவேண்டியதை எல்லாம் கேட்காமலே விட்டேன். 1984இல் போய்ச் சேர்ந்தார்.

அப்பா இறந்த பிறகு அவர் பெட்டியில் உயில் இருந்தது. அடையாறு வீட்டில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி எனக்கும் என் தங்கைக்கும் சரிபாதி. ஏன் அப்படி எழுதினார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. உயிலோடு அப்பாயியின் கார்டுகளையும் நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார்.