முதல் வண்டியை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

‘மொத மொத பைக் வாங்கப்போறேன், எது வாங்கலாம்?’ டீக்கடையில் கேட்டால் நாலு பேர் நாலு வண்டி சொல்வார்கள். ஐந்தாவது ஆள், ‘புது வண்டி வேணாம், செகண்ட் ஹேண்ட் பாரு’ என்பார். இவ்வளவு சாதாரணமான இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் வயது சுமார் நாற்பதுதான். 1980களின் நடுப்பகுதிக்கு முன்னால் பிறந்து வளர்ந்த ஒரு பையன் இதை இப்படிக் கேட்டிருக்க வழியில்லை. அவனுக்கு வாங்க ஆசை இருந்தது, சில சமயம் காசும் இருந்தது, தேர்ந்தெடுக்கத்தான் எதுவும் இல்லை.

கேள்வி எப்படிப் பிறந்தது என்று பார்த்தால், இன்று நாம் சொல்லும் பதில்களில் என்ன கோளாறு என்பதும் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

1951இல் வந்த தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தின்படி யார் தொழிற்சாலை தொடங்கலாம், எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசு உரிமம்தான் முடிவுசெய்தது. தேவை கூடியது என்பதற்காக முதலாளி தன் இஷ்டத்துக்கு உற்பத்தியைக் கூட்ட முடியாது. அதனால் பல பத்தாண்டுகள் மோட்டார் சைக்கிள் என்றால் விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தான்: புல்லட், ஜாவா, ராஜ்தூத்.

இந்த மூன்றில் எதுவும் புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்கிறவனை மனதில் வைத்து இங்கே வந்ததல்ல. புல்லட் வந்தது ராணுவத்துக்காக. எல்லையில் ரோந்து போக உறுதியான வண்டி வேண்டும் என்று 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டுகளை வாங்கியது. அதைத் தொடர்ந்து 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் இங்கிலாந்திலிருந்து உதிரிபாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்ட வண்டி, பிறகு முழுக்க இங்கேயே தயாரானது. 1970இல் இங்கிலாந்தில் அந்த நிறுவனமே மூடப்பட்டுவிட்டது. வடசென்னையில் உற்பத்தி நிற்கவில்லை.

பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வது ஒரு தனிக் கலை. டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அமுக்க வேண்டும். ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. இடம் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்காலில் வாங்கியவர்கள் ஊருக்கு ரெண்டு பேராவது இருப்பார்கள். எடை 160 கிலோவுக்கு மேல். இன்னொன்றும் உண்டு: கியர் வலது காலில், பிரேக் இடது காலில்.

ஜாவா வேறு கதை. செக்கோஸ்லோவாக்கிய வண்டி. 1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. 1973 முதல் அதே தொழிற்சாலை வண்டிக்கு எஸ்டி என்று பெயர். அதில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. மேலே மடித்து மிதித்தால் கிக்கர், ஸ்டார்ட் ஆனதும் பழைய இடத்துக்குத் தள்ளினால் கியர். அதுவும் இடது காலில். புல்லட்டில் பழகியவன் அவசரத்தில் இடது காலை அமுக்கினால், எஸ்டியில் பிரேக் பிடிக்காது, கியர் மாறும். பரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் போலந்து வண்டி ஒன்றின் அடிப்படையில் செய்த ராஜ்தூத் 175, பால்காரர்களின் வண்டி என்று பெயர் வாங்கியது. கேனைக் கட்டினாலும் இழுக்கும், மண் ரோட்டிலும் போகும். இந்தி ‘பாபி’ படத்தில் வந்த அதன் குட்டி ரூபத்துக்கு மக்கள் ‘பாபி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஸ்கூட்டர் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 1972இல் வந்த பஜாஜ் சேத்தக்குக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பத்து வருஷம் வரை காத்திருப்பு இருந்த காலம் உண்டு. கல்யாணத்துக்கு முன் பதிவு செய்தவர், வண்டி வரும்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட அதைப் பயன்படுத்துவார்.

ஆகவே அந்தக் காலத்தின் கேள்வி ‘எந்த வண்டி?’ அல்ல, ‘யார் வண்டி?’ அண்ணன் வண்டி, சித்தப்பா வண்டி, பக்கத்து வீட்டு வாத்தியார் வண்டி. எது கையில் கிடைத்ததோ அதில் பழகினார்கள். உயரம் பத்தாதவன் மைல்கல் பக்கமாகவோ திண்ணை ஓரமாகவோ நிறுத்தி ஏறினான். வண்டி மனுஷனுக்கு ஏற்றதா என்று யாரும் பார்க்கவில்லை. மனுஷன்தான் வண்டிக்கு ஏற்ப வளைந்துகொண்டான். ‘புல்லட்டை அடக்குறது’ என்று இன்றும் சொல்கிறோமே, குதிரைக்கும் காளைக்கும் சொல்கிற வார்த்தை அது. அந்தப் பேச்சு அன்றைய நிலைமையிலிருந்து வந்ததுதான்.

*

மாற்றம் இரண்டு பக்கமிருந்து வந்தது. ஒன்று கீழேயிருந்து. 1980இல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும். நம் ஊர்களில் பாதிப் பேருக்கு முதல் மோட்டார் வண்டி அதுதான் என்றால் மிகையில்லை. ஆனால் அதை யாரும் ‘பைக்’ என்று மதிக்கவில்லை. மூட்டை ஏற்றுகிற வண்டி, அவ்வளவுதான்.

இன்னொன்று மேலேயிருந்து. 1980களில் 100 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டுமுயற்சியை அரசு அனுமதித்தது. ஜப்பானின் நான்கு பெரிய நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. 1984இல் ஓசூரில் இந்த்-சுசூகி ஏஎக்ஸ் 100. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100. அதே ஆண்டின் கடைசியில் யமஹா ஆர்எக்ஸ் 100. அடுத்த ஆண்டு கவாசாகி பஜாஜ் கேபி 100. இரண்டே வருஷத்தில் நான்கு வண்டிகள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு எஞ்சின், எடை புல்லட்டைவிட ரொம்பக் குறைவு. மெல்லிய உடம்புக்காரனும் ஒரே மிதியில் ஸ்டார்ட் செய்யலாம், நின்ற இடத்தில் தள்ளித் திருப்பலாம்.

‘எது வாங்கலாம்?’ என்ற கேள்வி பிறந்தது இங்கேதான். பிறந்தவுடனே அது இரண்டாகவும் பிளந்தது: மைலேஜா, பிக்கப்பா?

சிடி 100 ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்றார்கள். ‘ஃபில் இட், ஷட் இட், ஃபர்கெட் இட்’ என்பது விளம்பரம். அது அப்பாக்களின் பதில். ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக். 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை சுமார் நூறு கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எடைக்கு எவ்வளவு சக்தி என்று பார்த்தால், 18 குதிரைத்திறன் கொண்ட புல்லட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அதே இழுவை, பாதிக்குச் சற்று அதிகமான எடையில். பிரேக் மட்டும் முன்னும் பின்னும் டிரம். அது மகன்களின் பதில். வீட்டுக்கு வீடு நடந்த அந்த வாக்குவாதத்தில் ‘ஓட்டப்போகிறவனுக்கு இப்போது எவ்வளவு ஓட்டத் தெரியும்?’ என்ற மூன்றாவது கேள்வி எழவே இல்லை. அப்பா செலவைப் பார்த்தார், மகன் வேகத்தைப் பார்த்தான்.

*

வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டம், இருசக்கர ஓட்டுநரை ஒரே ஒரு கோடு போட்டுப் பிரித்தது: கியர் இல்லாத வண்டி, கியர் உள்ள வண்டி. சட்டத்தில் ஆண், பெண் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் வீடும் சந்தையும் அந்தக் கோட்டைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி எடுத்துக்கொண்டன. பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும், கியர் இல்லாத கைனடிக் ஹோண்டா, 1990களில் ஸ்கூட்டி, 2001இல் ஆக்டிவா என்று வரிசையாக வந்தன. நல்ல வண்டிகள். லட்சக்கணக்கான பெண்கள் பஸ் நேரத்தை நம்பாமல் வேலைக்குப் போனது இவற்றால்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வசதி என்று வந்தது மெல்ல மெல்ல விதியாகிவிட்டது. அதே 2001இல் வந்த பல்சரின் விளம்பரம் ‘டெஃபினட்லி மேல்’ என்றது. அதாவது வண்டியே ஆம்பளை. சில ஆண்டுகள் கழித்து வந்த ஒரு ஸ்கூட்டர் விளம்பரம், சந்தோஷமெல்லாம் பையன்களுக்கு மட்டும்தானா என்று பெண்களைப் பார்த்துக் கேட்டது. அந்தச் சந்தோஷமும் கியர் இல்லாத வண்டியில்தான்.

இதையெல்லாம் நான் யோசிக்கக் காரணம் என் அக்கா மகள். பதினெட்டு முடிந்து எல்எல்ஆர் போட்டிருக்கிறாள். ‘மாமா, எனக்கு கியர் வண்டிதான் வேணும். அம்மா ஸ்கூட்டிங்கிறாங்க. காலேஜ் பசங்க டியூக் எடுங்கிறாங்க. நீங்க சொல்லுங்க’ என்றாள். அம்மாவின் பதில் அவள் பெண் என்பதிலிருந்து வருகிறது. நண்பர்களின் பதில் விளம்பரத்திலிருந்து வருகிறது. அவளுக்கு இன்னும் கிளட்ச் விடவே வரவில்லை என்பது இரண்டு பதிலிலும் இல்லை.

*

வேறு நாடுகளில் இந்த மூன்றாவது கேள்வியைச் சட்டமே கேட்டது. பிரிட்டனில் ஒரு காலத்தில் பழகுநர் எவ்வளவு பெரிய வண்டியையும் ஓட்டலாம் என்றுதான் இருந்தது. இளைஞர்களின் சாவு கூடியதும் 1961 வாக்கில் பழகுநருக்கு 250 சிசிதான் உச்சம் என்றார்கள். தயாரிப்பாளர்கள் 250 சிசியிலேயே வேகத்தை ஏற்றிக்கொண்டே போனதும், 1983இல் வரம்பை 125 சிசியாகக் குறைத்தார்கள். ஜப்பான் 1975இல் 400 சிசிக்கு ஒரு கோடு போட்டது. இன்று ஐரோப்பாவில் உரிமமே படிக்கட்டு மாதிரி: முதலில் 125 சிசி வரை, அடுத்து 35 கிலோவாட் வரை, அதற்குப் பிறகுதான் வரம்பில்லாதது.

நம்மிடம் படிக்கட்டு கிடையாது. கியர் வண்டியில் எட்டு போட்டு, காலை ஊன்றாமல் வெளியே வந்தால் போதும். அந்த ஒரே அட்டையில் 100 சிசியும் ஓட்டலாம், ஆயிரம் சிசியும் ஓட்டலாம். நம் சாலையில் வெறும் 100 சிசி வண்டிகள் ஓடிய காலத்தில் இது பெரிய ஓட்டையாகத் தெரியவில்லை. படிக்கட்டு வேலையைச் சந்தையே தெரியாமல் செய்துகொண்டிருந்தது. 2012இல் 25 குதிரைத்திறனோடு 200 டியூக் வந்தது. மறு ஆண்டு 390 டியூக், 43 குதிரைத்திறன். ஐரோப்பாவில் இரண்டாம் படியில் ஏறினால்தான் தொடக்கூடிய வண்டி அது. இங்கே பதினெட்டு வயதில், முதல் வண்டியாக, மாதாமாதம் டியூ கட்டி எடுக்கலாம். வண்டியைக் குறை சொல்லவில்லை. நன்றாகச் செய்யப்பட்ட வண்டிதான். அதை முதல் படியாக வைத்தவர்கள் நாம்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். நூற்றுக்கு 44 பேருக்கு மேல். எல்லோரும் புதியவர்கள் அல்ல, எல்லாத் தப்பும் வண்டியுடையதும் அல்ல. குழியும் லாரியும் ஹெல்மெட் இல்லாத தலையும் இதில் உண்டு. அரசும் சும்மா இல்லை: 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம், அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ். ஆனால் ஓட்டுகிறவரின் அனுபவத்தைப் பற்றிச் சட்டம் இன்னும் வாய் திறக்கவில்லை.

*

எழுபது வருஷக் கதையைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. முதல் வண்டியை முதலில் ராணுவமும் உரிமமும் தேர்ந்தெடுத்தன. பிறகு அண்ணன் தம்பிகள். பிறகு அப்பாவின் பெட்ரோல் கணக்கு. பிறகு விளம்பரம், அப்புறம் டியூ. ஓட்டப்போகிறவரின் உடம்பும் பழக்கமும் ஒரு தடவைகூடத் தேர்ந்தெடுக்கவில்லை.

சட்டம் படிக்கட்டு கட்டும்வரை, அதை நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அக்கா மகளிடம் நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. சொன்னது இதுதான்: ‘கியர் வண்டியே எடு, யார் என்ன சொன்னாலும் சரி. உட்கார்ந்தா ரெண்டு பாதமும் தரையில படணும். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நீ ஒருத்தியே தள்ளித் திருப்பிப் பாரு. கீழ சாய்ஞ்சா நீயே தூக்கி நிறுத்தணும். நூறுக்கும் நூத்தம்பதுக்கும் நடுவுல எதையாவது, முடிஞ்சா பழைய வண்டியா எடு. கீறல் விழுந்தா மனசு வலிக்காது. ஒரு மழைக்காலம் முழுக்க அதுல ஓட்டு. அப்புறம் எவ்வளவு பெரிய வண்டி வேணும்னு நீயே சொல்லு.’

அக்காவிடம் மட்டும் தனியாக ஒன்று சொன்னேன்: வண்டிக்கு ஒதுக்கும் காசில் நல்ல ஹெல்மெட்டுக்கு முதலில் எடுத்துவை, மிச்சத்துக்கு வண்டி பார்க்கலாம்.