மேற்பார்வையிலிருந்து துணைநிற்றலுக்கு: தொடக்க வாசிப்பும் ஆசிரியர் பயிற்சியும் (பூதலூர் வட்டாரத்தை முன்வைத்து)

முன்னுரை

தஞ்சாவூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அமைந்தது பூதலூர் ஒன்றியம். வடக்கே கல்லணையும் திருக்காட்டுப்பள்ளி நஞ்சையும், தெற்கே செங்கிப்பட்டியைச் சுற்றிய மேட்டுநிலமும் என இரு வேறு நிலங்கள் இதற்குள் அடங்கும். இப்பகுதியின் கல்வி வரலாற்றைப் பேசும்போது, பழமார்நேரியில் பிறந்த சர் பி.எஸ். சிவசாமி ஐயரைப் போல உயர்கல்விக்கு உழைத்த பெருமக்களை நினைவுகூர்கிறோம். ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தையை முதல் சொல்லைப் படிக்க வைத்த ஆசிரியர் அந்த வரலாற்றில் இடம்பெறுவதில்லை.

படிக்கக் கற்பிப்பது எப்படி என்பதை அந்த ஆசிரியருக்கு யார், எங்கே கற்றுத் தந்தார்கள்? ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் அதற்குக் கிடைத்த விடைகளை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. ஆசிரியரின் வகுப்பறைக்குள் வரும் மூத்தவர் கணக்கு கேட்க வந்த காலங்களில் வாசிப்பு மனப்பாடமாகச் சுருங்கியது. அவர் கூட உட்கார்ந்து உதவிய இடங்களில்தான் கற்பித்தல் மாறியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

திண்ணையில் பழகியவர்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிக் கணக்கு கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. தமிழ்ப் பகுதிகளில் இவற்றுள் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். அங்கே ஆசிரியராவதற்கென்று தனிப் படிப்பு கிடையாது. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று சிறுவர்களின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைப்பான், முறை சொல்லிக் கொடுப்பான், வாத்தியார் முன்னிலையில் தவறித் திருந்துவான். தஞ்சை மண்ணில் பிறந்த உ.வே. சாமிநாதையரும் தம் சரித்திரத்தில் இந்தத் திண்ணைப் படிப்பைப் பதிவு செய்திருக்கிறார்.

சென்னை எழும்பூர் ஆண்கள் ஆதரவில்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் இம்முறையைக் கண்டு பின்பற்றினார். 1797இல் லண்டனில் அதை நூலாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பதே அங்கு அதற்குக் கிடைத்த வரவேற்பின் காரணம். மூத்தவர் பார்த்திருக்க வகுப்பிலேயே கற்பிக்கப் பழகுவது என்ற அதன் உயிர்நாடி கவனம் பெறவில்லை. திண்ணையைப் போற்றுவதற்கும் எல்லை உண்டு. பெண் பிள்ளைகளுக்கும் தீண்டாமைக்கு ஆளான சமூகத்தினருக்கும் அது பெரும்பாலும் எட்டவில்லை. படிப்பும் மனப்பாடத்தையே நம்பியிருந்தது.

கல்வியின் தாழ்நிலைக்கு நல்ல ஆசிரியர் இல்லாமையையும் அவர்களுக்குக் கிடைத்த சொற்ப வருமானத்தையும் மன்றோ காரணம் காட்டினார். ஆசிரியர்களை உருவாக்கச் சென்னையில் ஒரு பள்ளி வேண்டும் என்றார். மறு ஆண்டே அவர் காலமானார். திட்டமும் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார்

1854ஆம் ஆண்டு சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளையும் இன்ஸ்பெக்டர்களையும் ஒரே மூச்சில் பரிந்துரைத்தது. 1855இல் அலெக்சாண்டர் அர்பத்நாட் மாகாணத்தின் முதல் பொதுக்கல்வி இயக்குநரானார். 1856இல் சென்னையில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது; பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது இதுதான்.

பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர் சில காலம் தங்கினார். இன்ஸ்பெக்டரோ அவருடைய பணிக்காலம் முழுதும் வந்துகொண்டிருந்தார். 1860களில் வந்த, தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்ற ஏற்பாடு அந்த வருகையைப் பணத்தோடு கட்டிப்போட்டது. எத்தனை பிள்ளைகள் படித்துக் காட்டினார்களோ அதற்கேற்ப மானியம். காட்டப்போகும் பாடத்தைப் பிள்ளைகள் நெட்டுரு போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை ஒழிந்தாலும், பின்வரிசையில் அமரும் அதிகாரிக்காகப் பாடம் நடத்தும் பழக்கம் பள்ளிகளில் தங்கிவிட்டது.

பள்ளிகள் பெருகின, எழுத்தும் மாறியது

விடுதலைக்குப் பின் காமராசர் ஆட்சியில் சிற்றூர்தோறும் தொடக்கப் பள்ளிகள் எழுந்தன. 1956இல் மதிய உணவு வந்தது. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகள் வகுப்பை நிறைத்தனர். அரிச்சுவடியை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு உகந்த கற்பித்தல் இவர்களுக்குப் போதவில்லை.

தமிழ் எழுத்தின் கடினம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. 247 எழுத்துகளில் 216 உயிர்மெய். ‘கெ’, ‘கை’ ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னே நிற்கிறது, ‘கொ’வில் இருபுறமும் நிற்கிறது, ஒலியிலோ மெய்தான் முதலில். கடல், அகம், தங்கம் என்ற மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறது என்பதைக் கண்டறியப் பழகிய காது ஆசிரியருக்கு வேண்டும்.

பெரியார் வலியுறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்றபோது ணா, றா, னா, லை போன்ற 13 எழுத்துகள் புதுவடிவம் பெற்றன. தனி வடிவங்களாக நினைவில் வைக்க வேண்டியிருந்தவை பொதுவிதிக்குள் வந்ததால் குழந்தையின் சுமை குறைந்தது. எழுத்து எளிதானது, அதைக் கற்பிக்கும் முறையில் அப்படியொரு திருத்தம் நெடுங்காலம் வரவில்லை.

பாயில் அமர்ந்த ஆசிரியர்

1986 தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் கீழ் ஒன்றியந்தோறும் வட்டார வள மையமும் ஆசிரியர் பயிற்றுநர்களும் வந்தனர். பள்ளிக்குச் சென்று ஆசிரியருக்கு உதவுவதையே பணியாகக் கொண்ட பதவி கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவலாகக் கிடைத்தது இதனால்தான்.

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆசிரியர்கள் ஆந்திரத்திலுள்ள ரிஷிவேலிப் பள்ளிக்குச் சென்று, அங்கு பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தத்தம் வேகத்தில் படிப்பதை நேரில் பார்த்துத் திரும்பினர். கரும்பலகை குழந்தையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியர் பாயில் அமர்ந்தார். 2007இல் இம்முறை மாநிலம் முழுதும் விரிந்தபோது நேரில் பார்க்கும் வாய்ப்பு எல்லா ஆசிரியருக்கும் கிட்டவில்லை. மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், ஒன்றியக் கருத்தாளர் எனப் பயிற்சி படிப்படியாக இறங்கியது. ஆற்றுப்பாசனம் அறிந்த பூதலூருக்கு இதன் சிக்கலை விளக்க வேண்டியதில்லை: கல்லணை பக்கத்தில் இருந்தாலும் செங்கிப்பட்டி மேட்டுக்குத் தண்ணீர் தானாக ஏறாது. அட்டைகள் வகுப்புக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் நோக்கம் எல்லா வகுப்புக்கும் வந்து சேரவில்லை.

பிற நாட்டு அனுபவம்

புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பயிற்சி வகுப்பை எட்டாத இந்தச் சிக்கலையே 1980களில் எடுத்துக்காட்டினர். விளக்கமும் செய்துகாட்டலும் மட்டும் பெற்ற ஆசிரியர்களுள் மிகச் சிலரே புதுமுறையை வகுப்பில் நிலைநிறுத்துகிறார்கள். வகுப்பிலேயே தொடர்ந்து துணை கிடைத்தால் நிலைமை மாறுகிறது என்றனர்.

நமக்கு மிக நெருக்கமான சான்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அங்கு வடமேற்கு மாகாணத்தில் ட்ஸ்வானா என்ற தாய்மொழியில் வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு 2015 முதல் இரண்டு ஆண்டுகள் இருவகை உதவி தரப்பட்டது. இருசாராருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வாசிப்பு நூல்கள். ஒரு சாராரை மையத்துக்கு அழைத்துப் பயிற்சி தந்தார்கள். மறு சாராரின் வகுப்புக்கே வழிகாட்டி சென்றார். வகுப்புக்கு வழிகாட்டி சென்ற பள்ளிகளின் வாசிப்பு முன்னேற்றம் மற்ற சாராருடையதைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. செலவு கூடுதல்தான், பலன் அதற்கு ஈடுகட்டியது.

எண்ணும் எழுத்தும்

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியும், 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடங்கப்பட்டன. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் கற்பதை 2025க்குள் உறுதிசெய்வது பின்னதன் இலக்காக இருந்தது. பிள்ளைகள் வயதால் அன்றி நிலையால் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டனர். ஒரே அறையில் பல வகுப்புகளைப் பார்க்கும் கிராமத்து ஆசிரியருக்கு இந்தப் பிரிப்பு பெருந்துணை. பருவந்தோறும் பயிற்சியும் ஆசிரியர் கையேடும், அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களும் சேர்ந்தன.

பழைய இழுபறி இங்கும் எழுந்தது. 2023இல் பி.எட். மாணவர்களைக் கொண்டு பிள்ளைகளின் அடைவை மதிப்பிட முற்பட்டபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. இணையப் பதிவுகள் கற்பிக்கும் நேரத்தைத் தின்கின்றன என்ற குறையும் தொடர்ந்து ஒலிக்கிறது. மதிப்பீடு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஒரு பிள்ளையின் நிலையைக் கண்டுபிடித்தவர் அடுத்த நாள் என்ன செய்யலாம் என்று ஆசிரியரோடு பேசாமல் போனால், கண்டுபிடித்ததன் பயன் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது.

முடிவுரை

இவ்வரலாறு மூன்று முடிவுகளுக்கு இட்டுச்செல்கிறது. முதலாவது, கணக்கெடுக்கும் பணியையும் வழிகாட்டும் பணியையும் ஒருவர் தலையில் சுமத்தக் கூடாது. ஆசிரியர் பயிற்றுநரின் நாள் வகுப்பறைக்கே உரியதாக வேண்டும். இரண்டாவது, ஒரு பயிற்றுநர் அதே சில பள்ளிகளுக்கு ஓராண்டு முழுதும் தொடர்ந்து செல்ல வேண்டும். அப்போதுதான் தன் தடுமாற்றத்தை ஆசிரியர் அச்சமின்றிச் சொல்வார். மூன்றாவது, குறுவள மையக் கூட்டம் சுற்றறிக்கையில் தொடங்காமல் ஒரு பிள்ளையின் வாசிப்பில் தொடங்க வேண்டும். பக்கத்தை ஒப்பிக்கும் பிள்ளையிடம் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால், படிக்கிறதா, பாடம் சொல்கிறதா என்பது தெரிந்துவிடும். அங்கிருந்து ஆசிரியர்கள் பேசத் தொடங்கலாம்.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. மையமும் பதவியும் கையேடும் ஏற்கெனவே உள்ளன. வகுப்பறைக்குள் நுழைபவர் எதற்காக வருகிறார் என்பதை மாற்றினால் போதும். அந்த மாற்றம் பூதலூர் போன்ற ஓர் ஒன்றியத்திலேயே தொடங்கக்கூடியது.