பத்து மணிக்கு மேலே சுவாமிகள்

அமெரிக்காவில் 2005-லிருந்து 2014 வரை ஒரு ராத்திரி டி.வி. நிகழ்ச்சி சக்கைப்போடு போட்டது. பெயர், 'தி கோல்பேர் ரிப்போர்ட்'. நடத்துகிற ஸ்டீவன் கோல்பேர், எல்லாம் தெரிந்த அரசியல் மேதாவி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு, புத்தகம் எழுதியவர்களை எதிரே உட்காரவைத்துக் கலாய்ப்பார். நம் அபிமான எழுத்தாளர் அங்கே போய் மாட்டிக்கொண்டு முழிப்பாரா, இல்லை சமாளிப்பாரா என்று ரசிகர்கள் கண் விழித்துக் காத்திருப்பார்கள்.

'நம்ம ஊர்ல இதெல்லாம் ஏதுங்க?' என்கிறீர்களா? சித்திரை மாசம் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுங்கள். ஆலங்குடி, திருமயம், பொன்னமராவதி பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துக் கோயில் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள்.

ராத்திரி பத்து மணி. ஆர்மோனியம் இழுத்து முடித்ததும் பபூன் வருவார். மாமியார், வட்டிக்கடன், வோட்டுக் கேட்டு வந்தவர் என்று ஒருத்தரையும் விடமாட்டார். மிருதங்கக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் பேச்சுப் பேசுவார். அமெரிக்க டி.வி-யில் ஜானி கார்சனுக்கு வாத்தியக் குழுத் தலைவர் எடுத்துக் கொடுப்பாரே, கிட்டத்தட்ட அதேதான்! அப்புறம் டான்ஸ். பன்னிரண்டு மணி தாண்டியபிறகுதான் எழுத்தாளர் வருவார்.

ஆமாம், எழுத்தாளர்தான். 1922-ல் காலமான சங்கரதாஸ் சுவாமிகள்!

தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர். முதலில் நடிகர். எமன், சனீஸ்வரன் மாதிரியான பயங்கர வேஷங்கள். எமன் வேஷத்தில் அவர் போட்ட கூச்சலில், கூட்டத்திலிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கருவே கலைந்துவிட்டது என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். மனுஷர் நொந்துபோய் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டார். ஊர் ஊராகத் திரிந்தவரைப் பிடித்து நிறுத்தியது புதுக்கோட்டை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை, இவரைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டு தாள நுட்பங்களைச் சொல்லிக்கொடுத்தார். சுவாமிகள் மறுபடி நாடகத்துக்கு வந்தார். இந்தத் தடவை வாத்தியாராக.

நாற்பதுக்கு மேல் நாடகங்கள். டி.கே.எஸ். சகோதரர்களுக்காக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தாராம். ஆனால், எழுதியதைப் பேச வேண்டுமே! பெரிய நடிகர்கள் கேட்டால்தானே? மேடையிலேயே கதையைக் கைகழுவிவிட்டு, 'இதற்கு விடை சொல், பார்க்கலாம்' என்று எதிராளியை மடக்குவார்கள். அவர் எதிர்க்கேள்வி போடுவார். கைதட்டல் வரும், கதை போய்விடும். வெறுத்துப்போன சுவாமிகள் சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பித்தார். பையன்கள் சொன்னதைச் சொன்னபடி பேசினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். ஒழுங்காக வளர்ந்த பாய்ஸ் கம்பெனிகளைச் சினிமா விழுங்கிவிட்டது. சுவாமிகள் யாரிடமிருந்து தப்பி ஓடினாரோ, அந்த ஸ்பெஷல் நாடகக்காரர்களின் வாரிசுகள் இன்னமும் ஊர் ஊராக அவரைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு கணக்கு தெரிகிறது. (பி.காம். படித்த புத்தி, போகாது!) ஸ்பெஷல் நாடகத்துக்கு முதலாளி இல்லை, கம்பெனி இல்லை. ராஜபார்ட் புதுக்கோட்டை, ஸ்திரீபார்ட் மதுரை, பபூன் காரைக்குடி என்று ஆளாளுக்குத் தனியாகப் பேசி முன்பணம் கொடுக்கிறார்கள். ஒத்திகை கிடையாது. முருகனும் வள்ளியும் அன்றைக்குச் சாயங்காலம்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதுகூட உண்டு. அப்படியும் விடிய விடிய நாடகம் நடக்கிறதென்றால், எல்லோருக்கும் மனப்பாடமாக ஒரு பிரதி பொதுவில் இருப்பதால்தான். அந்தப் பிரதி சுவாமிகளுடையது.

கடைசிக் காலத்தில் வாத நோய் வந்து சுவாமிகளுக்குப் பேச்சே நின்றுவிட்டது. புதுச்சேரியில் 1922 நவம்பர் 13-ல் இறந்தார். நடிகர் சங்கங்கள் இன்றும் அவருக்குக் குருபூஜை எடுக்கின்றன.

நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடு பிடிக்கும்போது மணி இரண்டாகிவிடும். சுவாமிகள் எழுதாத கேள்வி ஒன்றை நாரதர் வீசுவார். வள்ளியும் விடமாட்டாள். கொஞ்ச நேரம் கதை எங்கெங்கோ போகும். திடீரென்று ஆர்மோனியக்காரர் சுதியை ஏற்றுவார். இரண்டு பேரும் சுவாமிகளின் பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அதனால், பபூன் போனதும் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.