மலையும் மனிதர்களும் - 17: எலும்பு பொறுக்கியவர் வானம் பார்த்த கதை

பழனி மலையில் டைனோசர் எலும்பு தேடி யாரும் ஏற வேண்டாம். கொடைக்கானலைத் தாங்கி நிற்பது சார்னோகைட். பூமிக்கடியில் வெந்து இறுகிய அந்தப் பாறையில் உயிரின் சுவடு தங்க வழியே இல்லை. எலும்பு வேண்டுமானால் மலையிறங்கி, கிழக்கே அரியலூர்ப் பொட்டலுக்குப் போக வேண்டும்.

1850-களின் கடைசியில் அந்தப் பொட்டலில் அலைந்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட். 1834-ல் லண்டனில் பிறந்தவர். 1855-ல் அண்ணன் வில்லியமோடு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி வயல் முடிந்து, அடுத்து திருச்சி, தென்னாற்காடு ஜில்லாக்கள்.

என்றைக்கோ கடல் புகுந்து போன பூமி அது. கருடமங்கலத்துக் கல்லை இழைத்துப் பாருங்கள். கருத்த பரப்பில் சிப்பிகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பிளான்ஃபோர்ட் ஓடை ஓடையாக இறங்கி, அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பிரித்தார். நம்மூர்ப் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் ஏறியது இப்படித்தான். அவர் சேகரித்தவற்றில் ஒரு பல், மெகலோசாரஸ் வகை ஊனுண்ணி டைனோசருடையது என்று தொல்லுயிர் ஆய்வாளர் ரிச்சர்ட் லிடெக்கர் பின்னாளில் எழுதினார். தமிழ் மண்ணில் அகப்பட்ட முதல் டைனோசர் தடயங்களில் அது ஒன்று. (அதே பொட்டலில், கல்லமேட்டில் பிற்காலத்தில் தோண்டிய ராட்சத எலும்புகள் உதிர்ந்தே போயின.)

வெயில் உடம்பை உருக்கியது. 1862-ல் வேலையை விட்டு, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வாத்தியாரானார். 1864-ல் கல்கத்தாவைப் புரட்டிப்போட்ட புயலைப் பற்றி அறிக்கை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அதன்பின் அவர் பார்வை மண்ணிலிருந்து வானத்துக்குத் திரும்பிவிட்டது. 1875-ல் புதிதாகப் பிறந்த இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவர்.

மறுவருஷமே தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருக்க, மழை வருமா என்று சர்க்கார் அவரைக் கேட்டது. இமயத்தில் பனி அதிகம் விழுந்தால் தென்மேற்குப் பருவமழை குறையும் என்று 1884-ல் எழுதினார். பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் இன்றைய கணிப்புகளுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. என்னைக் கேட்டால், பல்லைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான்.

சூரியனை ஆராய்ந்தால் மழையின் போக்கும் பிடிபடும் என்ற நம்பிக்கையும் அப்போது பலமாக இருந்தது. 1890-களின் தொடக்கத்தில் மாகாணத்தில் மறுபடி பஞ்சம் தலைகாட்டவே, கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் அமைப்பதென 1893-ல் முடிவானது. அதே ஆண்டு ஜனவரியில் பிளான்ஃபோர்ட் இங்கிலாந்தில் காலமாகியிருந்தார். 1899-ல் சென்னை வானாய்வுக்கூடத்தின் பணிகள் மலையேறி வர, கொடைக்கானல் கூடம், அவர் கட்டியெழுப்பிய வானிலைத் துறையின் நிர்வாகத்தில்தான் இயங்கத் தொடங்கியது.

(தொடரும்)