டேலண்ட்: ஒரு சொல்லின் வரலாறு

டேலண்ட் என்பது இயல்பாக அமைந்த திறமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தமிழ்ப் பேச்சிலும் தாராளமாகப் புழங்குகிறது. இதன் மூலமான 'தலந்தோன்' கிரேக்கத்தில் முதலில் தராசையும், பின்னர் தராசில் நிறுத்த எடையையும், அந்த எடைக்குரிய பொன் வெள்ளியையும் குறித்தது. சமஸ்கிருதத் 'துலா'வும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்ததுதான். ஆகவே நம் துலாம் ராசி இதற்குத் தூரத்து உறவு.

எடை எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. ஹோமரின் இலியட் காவியத் தேரோட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஒரு கொப்பரை. இரண்டு தலந்தோன் பொன் நான்காமவனுக்குத்தான். அங்கே அது சிறு அளவாகவே இருந்திருக்க வேண்டும். பிற்கால ஏதென்ஸில் ஒரு தலந்தோன் 6,000 திராக்மா, ஏறக்குறைய 26 கிலோ வெள்ளி. 200 பேர் கொண்ட போர்க்கப்பலில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி என்றால், ஒரு மாதச் சம்பளம் அதில் அடங்கிவிடும்.

இந்தப் பெரும் பணத்தைத் திறமையாக்கியது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம். பயணம் போகும் எசமான் மூன்று ஊழியர்களிடம் முறையே ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளைக் கொடுக்கிறான். முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்க, மூன்றாமவன் மண்ணில் புதைத்து வைக்கிறான். இறைவன் தந்த ஆற்றலே அந்தப் பணம் என்று விளக்கவுரைகள் சொல்லிவர, 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் அப்பொருள் நிலைத்தது. வேடிக்கை என்னவென்றால், அவரவர் திறமைக்கு ஏற்பவே எசமான் பணத்தைப் பிரித்தான் என்கிறது மூலக்கதை. அதில் திறமை வேறு, தாலந்து வேறு.

இதற்கு முன்பே பழைய பிரெஞ்சு வழியாக இச்சொல் 'மனச்சாய்வு, விருப்பம்' என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்திருந்தது. தராசுத் தட்டு ஒரு பக்கம் சாய்வதுபோல மனம் சாய்வது என்ற கருத்து. அப்பொருள் வழக்கொழிந்தது.

'டேலண்டட்' என்ற பெயரடையைக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1832இல் காட்டுமிராண்டிச் சொல் என்று சாடினார்: பணத்தின் பெயரிலிருந்து இப்படி ஆக்கலாமென்றால், ஷில்லிங்கிலிருந்தும் ஆக்கலாமே என்பது அவர் வாதம். யாரும் கேட்கவில்லை.

தமிழ் விவிலியம் இதைத் 'தாலந்து' என்றே எழுதுகிறது. தமிழ்க் கிறித்தவர்கள் அச்சொல்லைத் திறமை என்ற பொருளிலும் வழங்குகிறார்கள்; திருச்சபைகளில் பாட்டு, பேச்சு, வசனம் ஒப்புவித்தல் ஆகியவற்றுக்கு நடப்பது 'தாலந்துப் போட்டி'.